ராம் வாங்க முன் மதர்போட்டின் முழுப்பெயரைப் பாருங்கள்

“அண்ணை, 16 ஜிபி ராம் ஒண்டு என்ன விலை?” யாழ்ப்பாணத்தில் எந்தக் கொம்பியூட்டர் கடையில் பத்து நிமிடம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். ராம் என்பது கொம்பியூட்டர் ஓடும்போது தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். நல்ல கடைக்காரர் உடனே விலை சொல்லமாட்டார். “என்ன போட் தம்பி?” என்று திருப்பிக் கேட்பார். போட் என்றால் மதர்போட், ராமும் புரொசெசரும் பொருந்தும் பெரிய தட்டு. கேட்டவரிடம் பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. “ஐ5 அண்ணை” என்று புரொசெசரின் பெயரைச் சொல்வார், அல்லது “அஞ்சாறு வருசத்து மெசின்” என்பார்.

ஒரு ராமைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் தகவல் அதன் ஜிபி அளவுதான். 16 ஜிபி என்ற பெயரில் டிடிஆர்4 என்ற தலைமுறை இருக்கிறது, அதற்குப் பிந்திய டிடிஆர்5 இருக்கிறது, லப்டொப்புக்கான குட்டை ராம் இருக்கிறது, நிறுவனங்களில் ஓடும் பெரிய கொம்பியூட்டரான சேர்வரிலிருந்து கழற்றிய ராமும் இருக்கிறது. ஒன்றுக்கு உரிய இடத்தில் மற்றது வேலை செய்யாது. 2025 இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதிலிருந்து ராம் விலை உலகம் முழுவதும் ஏறியது. பிழையான ஒன்றை வாங்கி லாச்சிக்குள் போட்டுவைக்க இப்போது யாருக்கும் கட்டுப்படியாகாது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஓடர் செய்து கூரியரில் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். மாற்ற வேண்டுமென்றால் பொதி மறுபடியும் 400 கிலோமீற்றர் போய், புதியது அதே 400 கிலோமீற்றர் வரவேண்டும்.

முதன்முதலாகக் கொம்பியூட்டர் கட்டுபவர்களிடம் நான் காண்பது, அவர்கள் கவலைப்படும் இடம் பிழையாக இருப்பது. 3200 போடலாமா, 3600 போட்டால் போட் எரிந்துபோகுமா என்று வேகத்தைப் பற்றி நாட்கணக்கில் யோசிக்கிறார்கள். வேகம் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் ராம் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். தலைமுறையும் (எந்த டிடிஆர்) வகையும் (டெஸ்க்டொப், லப்டொப், சேர்வர்) பொருந்தாவிட்டால் மெசின் எழும்பவே எழும்பாது. அதனால் முதலில் பார்க்கவேண்டியவை அந்த இரண்டும். இரண்டுக்கும் பதில் மதர்போட்டின் முழுப்பெயரில் தொடங்குகிறது.

முழுப்பெயர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அசூஸ் நிறுவனத்தின் பிரைம் பி760எம்-ஏ என்ற போட்டையும் பிரைம் பி760எம்-ஏ டி4 என்ற போட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே புரொசெசரை ஏற்கும், பார்வைக்கும் அண்ணன் தம்பி போலிருக்கும். கடைசியில் டி4 இருந்தால் அது டிடிஆர்4 போட், இல்லையென்றால் டிடிஆர்5 போட். கிகாபைட்டும் எம்எஸ்ஐயும் இந்தத் தலைமுறை டிடிஆர்4 போட்கள் பெரும்பாலானவற்றின் பெயரில் டிடிஆர்4 என்று முழுதாகவே எழுதுகின்றன. கடை விளம்பரத்தில் “பி760 போட்” என்று மட்டும் போட்டிருந்தால், அதை நம்பி ராம் எடுக்கவேண்டாம்.

பெயரைக் கண்டுபிடிப்பது எளிது. புதிய போட் என்றால் பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் இருக்கும். ஏற்கெனவே ஓடும் மெசின் என்றால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ராம் ஸ்லொட்டுகளுக்கும் கிராபிக்ஸ் கார்ட் ஸ்லொட்டுக்கும் இடையில் எங்காவது பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கிகாபைட் போட்டில் ஒரு மூலையில் ‘ரெவ் 1.0’ போன்ற பதிப்பு எண்ணும் சின்னதாக இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்க விருப்பமில்லாவிட்டால் சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதன் மெயின்போட் பக்கத்தைப் பார்க்கலாம். டெல், எச்பி போன்ற பிராண்ட் மெசின்களுக்கு அந்த மெசினின் மொடல் எண்ணே போதும்.

பெயர் கிடைத்ததும் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அந்த போட்டின் பக்கத்துக்குப் போய், விவரக்குறிப்பில் மெமரி என்ற வரியைத் தேடுங்கள். எத்தனை ஸ்லொட், எந்த டிடிஆர், மொத்தம் எத்தனை ஜிபி, எந்த வேகங்கள் என்று நான்கைந்து வரிகளில் எல்லாம் இருக்கும். மொபைலில் அந்த வரிகளை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இனி தலைமுறை. டிடிஆர்3 ராம் 2007 அளவில் சந்தைக்கு வந்தது. டிடிஆர்4 2014 இல் வந்தது. டிடிஆர்5 சாதாரண மக்கள் வாங்கும் மெசின்களுக்கு 2021 இன் இறுதியில் வந்தது. டெஸ்க்டொப்பில் இன்டெலின் 2ஆம் தலைமுறை முதல் 4ஆம் தலைமுறை வரையான கோர் புரொசெசர்களுக்கு டிடிஆர்3. 6 முதல் 11 வரை பெரும்பாலும் டிடிஆர்4. 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளில்தான் குழப்பம் வருகிறது. எல்ஜிஏ1700 சொக்கெட்டில் (போட்டில் புரொசெசர் இறங்கும் இடம்) பொருந்தும் அந்தப் புரொசெசர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் கையாளும், எது என்பதை போட்தான் தீர்மானிக்கும். “என்னட்ட ஐ5 12400 இருக்கு, எந்த ராம்?” என்று கேட்டால் யாராலும் பதில் சொல்லமுடியாமல் போவது இதனால்தான். இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி பக்கம் தெளிவு. ஏஎம்4 சொக்கெட் என்றால் டிடிஆர்4. 2022 இல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டுமே.

ஒரு தலைமுறையின் ராமை இன்னொன்றின் ஸ்லொட்டில் போடமுடியாதபடி ராமின் அடிவிளிம்பில் உள்ள வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். நீளம் ஒன்று, தங்கநிறப் பின்கள் இரண்டிலும் 288. ஆனால் டிடிஆர்5 இன் வெட்டு நடுவுக்கு இன்னும் கிட்ட நிற்கும். வித்தியாசம் சில மில்லிமீற்றர்தான். அதனால்தான் அவசரத்தில் பொருத்துகிறவர்கள் “கொஞ்சம் இறுக்கமா இருக்கு” என்று நினைத்து மேலும் அழுத்துகிறார்கள். சரியான ராமுக்கும் ஓரளவு பலம் வேண்டும், கிளிப் தானாக மூடும் ‘டக்’ என்ற சத்தமும் கேட்கும். ஆனால் வெட்டும் ஸ்லொட்டின் மேடும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அழுத்தவேண்டும்.

வெட்டை மாற்றியது வியாபாரத் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டிடிஆர்3 க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4 க்கு 1.2, டிடிஆர்5 க்கு 1.1. பின்களில் எது எதற்கு என்ற ஒழுங்கும் வேறு. டிடிஆர்5 இல் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப் ராம் குச்சியிலேயே இருக்கிறது, முந்தியவற்றுக்கு அந்த வேலையை மதர்போட் செய்தது. வெட்டு ஒரே இடத்தில் இருந்திருந்தால் எத்தனையோ ராமும் போட்டும் கருகியிருக்கும். புரொசெசருக்கும் இதில் பங்குண்டு. ராமோடு பேசும் பகுதி முன்பு போட்டில் தனிச் சிப்பாக இருந்தது. ஏஎம்டி அதை 2003 இல் அத்லொன் 64 இலும், இன்டெல் 2008 இல் முதலாம் தலைமுறை கோர் ஐ7 இலும் புரொசெசருக்குள்ளேயே கொண்டுவந்தன. ஆகவே போட், புரொசெசர் இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் ராம் ஓடும்.

அடுத்தது வகை. யாழ்ப்பாணத்தில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மாமா, தன் வேலைத்தலத்தில் பழைய மெசின்களைக் கழித்தபோது கிடைத்த நாலு ராமைத் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவந்து தருவார். ஒவ்வொன்றும் 16 ஜிபி, நல்ல பெயருள்ள சிப். சும்மா கிடைத்த பொருள். வீட்டு மெசினில் போட்டால் ஸ்லொட்டுக்குள் அழகாக இறங்கும், ஆனால் திரையில் ஒன்றும் வராது. போட் பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அவை பெரும்பாலும் சேர்வர் ராம். ரெஜிஸ்டர்ட் என்று சொல்லப்படும் அந்த வகையில், கட்டளைகளை வாங்கிக் கடத்தும் ஒரு சிப் குச்சியின் நடுவில் கூடுதலாக இருக்கும். பெரிய அளவு நினைவகத்தைத் தாங்குவதற்காகச் சேர்வர்களுக்குச் செய்த ஏற்பாடு அது. வீட்டு போட்டுக்கு அந்த மொழி தெரியாது. டிடிஆர்4 இல் சேர்வர் ராமுக்கும் வீட்டு ராமுக்கும் வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் கை தடுக்காது, கண்தான் பிடிக்கவேண்டும். டிடிஆர்5 இல் இரண்டுக்கும் வெட்டை வேறாக்கிவிட்டார்கள், நல்ல வேலை.

கண்ணால் பிடிக்க லேபிளைப் படிக்கவேண்டும். சாதாரண டிடிஆர்4 குச்சியில் ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-யுஏ2-11’ என்பது போன்ற ஒரு வரி இருக்கும். பிசிக்குப் பின்னால் உள்ள 4 தலைமுறை. அடுத்து வரும் 3200 வேகம். இரண்டாவது கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எழுத்துதான் நமக்கு முக்கியம். ‘யு’ என்றால் வீட்டு டெஸ்க்டொப்புக்கு உரியது. ‘எஸ்’ என்றால் லப்டொப்புக்கு உரிய குட்டை ராம். ‘ஆர்’ என்றால் ரெஜிஸ்டர்ட், சேர்வருக்கு. ‘ஈ’ என்றால் பிழை திருத்தும் வசதியுள்ள ஆனால் ரெஜிஸ்டர்ட் அல்லாத ராம், அதைச் சில போட்கள் ஏற்கும், விவரக்குறிப்பைப் பார்க்காமல் எடுக்கவேண்டாம். வெளிநாட்டிலிருந்து யாரும் “ராம் இருக்கு, கொண்டுவரவோ?” என்று கேட்டால், முதலில் லேபிளைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு எழுத்தில் பதில் இருக்கிறது.

லப்டொப் ராம் நீளத்தில் டெஸ்க்டொப் ராமின் பாதிதான் வரும் என்பதால் அதில் குழப்பம் குறைவு. ஆனால் சின்னப் பெட்டி மாதிரியான மினி பிசிக்களும், திரையோடு சேர்ந்த ஓல்-இன்-வன் மெசின்களும் லப்டொப் ராமைத்தான் பாவிக்கின்றன. டெஸ்க்டொப் என்று பெயர் இருப்பதால் நீளமான ராமை வாங்கிவிடாதீர்கள்.

இன்னொரு பொறி, ஒன்லைனில் மிக மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி டிடிஆர்3. விளம்பரத்தின் அடியில் ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். சிப்புகளை அடுக்கிய முறை வேறு என்பதால் இன்டெல் புரொசெசர்களால் அவற்றைப் படிக்கமுடியாது. எங்கள் பக்கம் ஓடும் பழைய மெசின்களில் கணிசமானவை இன்டெல்தான், ஆகவே அந்த வரியைத் தாண்டிப்போகாமல் வாசியுங்கள்.

கொள்ளளவில் பார்க்கவேண்டியது இரண்டு எண்கள். போட் மொத்தமாகத் தாங்கும் ஜிபி ஒன்று, ஒரு ஸ்லொட் தாங்கும் ஜிபி மற்றது. கொமினிகேசன்களிலும் ரியூசன் நிலையங்களிலும் இன்றும் ஓடும் எச்61, எச்81 போட்களில் இரண்டு ஸ்லொட், மொத்தம் 16 ஜிபி, அதாவது ஸ்லொட்டுக்கு 8. அதில் 16 ஜிபி குச்சி ஒன்றைப் போட்டு வேலை செய்யும் என்று எதிர்பார்க்கமுடியாது. அப்படியான மெசினில் விண்டோஸ் 32-பிட் ஆக இருந்தால் 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்குக் குறைவாகத்தான் பாவிக்கும், ராமைக் குறைசொல்லிப் பயனில்லை, விண்டோஸை மாற்றவேண்டும். புதிய டிடிஆர்5 போட்களில் 24 ஜிபி, 48 ஜிபி என்ற அளவுகளும் வருகின்றன. அவற்றைப் போட முன் பயோஸை, அதாவது போட்டின் அடிப்படை மென்பொருளை, புதுப்பிக்கவேண்டி வரலாம். கரண்ட் போகும் காலமென்றால் யூபிஎஸ் இல்லாமல் பயோஸில் கைவைக்கவேண்டாம்.

வேகத்துக்கு வருவோம். 3200 என்று எழுதிய ராமை, 2666 மட்டும் தாங்கும் போட்டில் போட்டால் 2666 இல் ஓடும். எச்410 போட்டும் 10ஆம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5 உம் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் நடக்கும். ஒன்றும் கெடாது. பிறகு வேறு போட் வாங்கினால் அந்த ராம் தன் முழு வேகத்தைக் காட்டும். மறுபக்கம், போட் தாங்கினாலும் ராம் தானாக முழு வேகத்தில் ஓடாமல் இருக்கலாம். உலோகத் தகடு போர்த்திய கேமிங் ராம்கள் பல, முதலில் 2133, 2400 போன்ற அடிப்படை வேகத்தில்தான் எழும்பும். பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற தெரிவை, ஏஎம்5 போட்களில் எக்ஸ்போ என்பதை, ஒருமுறை இயக்கினால்தான் பெட்டியில் எழுதிய வேகம் வரும். இதைச் செய்யாமல் வருடக்கணக்காகப் பாதி வேகத்துக்குக் கிட்ட ஓடும் மெசின்கள் எங்கள் ஊரில் நிறைய இருக்கும் என்றே நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய வேகம் அது, இரண்டு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

சிபியூ-இசட்டில் ராமின் வேகம் 1600 என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு “கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்” என்று கோபப்படவும் வேண்டாம். டிடிஆர் ராம் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு தடவை தரவை அனுப்பும். 1600 மெகாஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு 1600 மில்லியன் துடிப்பு, 3200 மில்லியன் தடவை. லேபிளில் இருப்பது இரண்டாவது எண். சில லேபிள்களில் பிசி4-25600 என்று இருக்கும், அதுவும் அதே ராம்தான். ஒவ்வொரு தடவையும் 8 பைட், 3200 ஐ 8 ஆல் பெருக்கினால் 25600.

கிங்ஸ்டன் ஃபியூரி போன்ற ராம்களில் பெட்டியைத் திறக்காமலே எல்லாவற்றையும் பொருள் எண்ணிலிருந்து படிக்கலாம். கேஎஃப்432சி16பிபி/8 என்பதை எடுத்துப் பார்ப்போம். கேஎஃப் என்பது கிங்ஸ்டன் ஃபியூரி. அடுத்த 4 தலைமுறை, 32 என்றால் 3200. சி என்றால் வீட்டு டெஸ்க்டொப் வகை. 16 என்பது தாமத எண், ஒரே வேகமென்றால் அது குறையக் குறைய நல்லது. பிபி என்பது பீஸ்ட் வரிசை, கறுப்பு நிறம். கடைசி 8 கொள்ளளவு. கேஎஃப்556 என்று தொடங்கினால் டிடிஆர்5, 5600. ஒன்லைன் விளம்பரத்தின் தலைப்பை நம்பாமல் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தலைப்பை அவசரத்தில் பிழையாக எழுதலாம், குச்சியில் அச்சிட்ட எண் மாறாது.

போட் தயாரிப்பாளரின் பக்கத்தில் மெமரி சப்போர்ட் என்ற பட்டியலும் இருக்கும். அவர்கள் தங்கள் கூடத்தில் போட்டுப் பார்த்து ஓடிய ராம்களின் பொருள் எண்கள் அவை. உங்கள் ராம் அதில் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் ஓடாது என்று அர்த்தமில்லை, அவர்கள் பரிசோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். டிடிஆர்4 இல் சாதாரண 3200 ராம் எடுக்கிறவர் இந்தப் பட்டியலை வைத்து நித்திரை கெடத் தேவையில்லை. டிடிஆர்5 இல் 6000 க்கு மேல் போகிறவர் கட்டாயம் பார்க்கவேண்டும். அந்த வேகங்களில் போட்டுக்குப் போட் நடத்தை மாறும்.

எத்தனை குச்சி என்பதற்கு என் பதில், முடிந்தவரை இரண்டு, ஒரே பெட்டியில் சோடியாக வந்தவை. போட்டில் புரொசெசருக்கும் ராமுக்கும் இடையில் தரவு போய்வர இரண்டு தடங்கள் இருக்கின்றன. இரண்டு குச்சி போட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும். கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் ரைசன் 5600ஜி போன்ற புரொசெசரை நம்பிக் கட்டுபவர்களுக்கு கேம்ஸில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நாலு ஸ்லொட் போட்டில் பெரும்பாலும் புரொசெசர் பக்கமிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லொட்டுகளில் போடவேண்டும். போட்டின் கையேட்டில் படம் இருக்கும். 1, 2 இல் அல்லது 3, 4 இல் போட்டால் ஒரு தடம்தான் ஓடும். பழைய 8 ஜிபியோடு வேறு கொம்பனியின் புதிய 8 ஜிபியைச் சேர்க்கலாமா என்றால், தலைமுறையும் வகையும் ஒன்றென்றால் பெரும்பாலும் ஓடும், இரண்டில் மெதுவானதன் வேகத்தில் ஓடும். உத்தரவாதம் யாரும் தரமாட்டார்கள். டிடிஆர்5 இல் நாலு ஸ்லொட்டையும் நிரப்புவதை நான் விரும்பமாட்டேன். ரைசன் 7000 க்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நாலு குச்சிக்கு 3600. இப்போது இரண்டு 8 போட்டுப் பிறகு இன்னும் இரண்டு சேர்ப்போம் என்று திட்டமிடுகிறவர்கள், முடிந்தால் தொடக்கத்திலேயே இரண்டு 16 போடுவது நல்லது.

புரொசெசரைக் காற்றால் குளிர்விக்கும் பெரிய கூலர் வைத்திருப்பவர்கள் ராமின் உயரத்தையும் அளந்து பார்க்கவேண்டும். லைட் எரியும் உயரமான ராம்கள் விசிறிக்கு அடியில் இடிக்கும்.

காசு கொடுக்க முன், பில்லில் பொருள் எண்ணையும் வொரண்டிக் காலத்தையும் எழுதச் சொல்லுங்கள். குச்சியில் உள்ள கடை ஸ்டிக்கரைக் கழற்றவேண்டாம், வொரண்டி போய்விடும். பாவித்த ராம் வாங்குவதென்றால் விற்பவரின் மெசினிலேயே ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஏஎம்5 மெசினை முதன்முதலாக ஓன் பண்ணும்போது ஒரு விடயத்தை மனதில் வைத்திருங்கள். ராமின் ஒவ்வொரு பாதையையும் போட் தானே அளந்து பழக்கிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் எடுக்கலாம், அவ்வளவு நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும். விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை என்று பதறி சுவிட்சை அணைப்பவர்கள், பழக்கத்தை நடுவில் குழப்பி மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள். பதினைந்து நிமிடமாகியும் வரவில்லையென்றால் ஒரு குச்சியைக் கழற்றி, மற்றதை மட்டும் 2ஆவது ஸ்லொட்டில் போட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் எழும்பியதும் டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் மொத்த ஜிபி, ஓடும் வேகம், எத்தனை ஸ்லொட் பாவனையில் இருக்கிறது என்ற மூன்றும் தெரியும். அன்று இரவே மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை யூஎஸ்பியில் ஏற்றி முழுச் சோதனையையும் ஓடவிடுங்கள். எக்ஸ்எம்பி போட்டிருக்கும்போது பிழை காட்டினால் அதை அணைத்து அடிப்படை வேகத்தில் இன்னொருமுறை சோதியுங்கள். அப்போதும் சிவப்பில் ஒரு வரி வந்தால், குச்சிகளை ஒவ்வொன்றாகத் தனித்துப் போட்டுச் சோதித்து, பிழை காட்டுவதை பில்லோடு அடுத்த நாளே கடைக்குக் கொண்டுபோங்கள். சோடியாக வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள்.